எறும்பு கடித்த கால்

முப்பது வருடங்களுக்கும் மேலாக மனிதர்களின் முதுகோடு வேலை பார்த்தவள் நான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் லேசில் நுழையாது. "எக்ஸசைஸ் அம்மா" என்பார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தால், இவர் தறியில் உட்காருகிறவர், இவர் மூட்டை தூக்கியவர் என்று மனசு தானாகச் சொல்லிக்கொள்கிறது.

என்னிடம் வேலை பழகிய ஜெனிஃபர்தான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். சமீபத்தில் போன் செய்தாள். படுக்கையிலிருக்கும் நோயாளியைத் தொட்டில் மாதிரித் துணியில் போட்டுத் தூக்கி, நாற்காலியில் இறக்கும் மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். "வந்து பாருங்க மேடம், நாம எம்புட்டுப் பாடுபட்டோம்" என்றாள். போய்ப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் ஆள் பூப்போல மேலே வருகிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது மேடம்?" என்று கேட்டார்கள். அதற்குள் டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்தது மதுரையில். எலும்பு, தசை, நரம்பு என்று மனப்பாடம் செய்து தேறினேன். ஆனால் முதுகு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பெரிய டாக்டர். ஒல்லியான மனிதர். வீட்டில் தெலுங்கு, வேலையில் எங்கள் ஊர்த் தமிழ். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால், தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு, "தொடப்போறேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பார். நான் சேர்ந்த புதிதில் சொல்லாமல் தொட்டுவிட்டேன். வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் திடுக்கிட்டு உடம்பை முறுக்கி, வலியில் கத்தினாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "முதுகுக்குக் கண்ணு கெடையாதும்மா. நாமதான் சொல்லணும்" என்றார்.

அவர் மேஜையில் பிளாஸ்டிக்கில் செய்த முதுகெலும்பு மாதிரி ஒன்று இருக்கும். அதன் நடுத் துவாரத்தில் ஒரு மஞ்சள் கயிற்றை அவரே கோத்து வைத்திருந்தார். கயிறு கடைசிவரைக்கும் போகாது. இடுப்பு தொடங்கும் இடத்திலேயே முடிந்து, அங்கிருந்து பிரிபிரியாகக் குஞ்சம்போலத் தொங்கும்.

"வயித்துப் பிள்ளைக்கு மூணு மாசத்துல தண்டுவடம் முதுகெலும்பு நீளம் முழுக்க இருக்கும். பொறவு எலும்பு விறுவிறுன்னு வளரும். வடம் அந்த வேகத்துக்கு வளராது. அதான் பெரியவங்களுக்கு இடுப்புக்கு மேலயே முடிஞ்சிருது. அதுக்குக் கீழ வெறும் நரம்புக் கத்தைதான். வடம் நசுங்குனா மீளுறது கஷ்டம். கத்தை நசுங்குனா கொஞ்சம் நம்பலாம். ரெண்டும் சேருற எடத்துல அடிபட்டுட்டா, நடப்பான்னும் சொல்லாத, நடக்க மாட்டான்னும் சொல்லாத."

கருப்பையாவுக்கு அடிபட்டது சரியாக அந்த இடத்தில்.

கருப்பையா சேத்தூர்க்காரர். தேங்காய் பறிப்பவர். அவரும் அண்ணன் தங்கவேலும் சேர்ந்தேதான் தோப்பு தோப்பாகப் போவார்கள். மேற்கே மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில், மழை பெய்து ஓய்ந்த காலையில், தென்னை மட்டையில் பிடி நழுவி உட்கார்ந்த வாக்கில் கீழே விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் அந்த வண்டிப்பாதையில் வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தங்கவேல் தம்பியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, தோப்புக்காரர் காலைப் பிடிக்க, மோட்டார்பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து காரில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். வரும்போது இரண்டு காலும் துணிபோலக் கிடந்தன.

மறுநாள் ஆபரேஷன். டாக்டர் என்னையும் தியேட்டருக்குள் கூப்பிட்டார். "நாளைக்கு இந்த முதுகைப் பொரட்டப் போறது நீ. எங்க ஸ்க்ரூ இருக்குன்னு பாத்துக்க." கருப்பையாவைக் குப்புறப் போட்டு, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் மட்டும் மெத்தை கொடுத்து, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி படுக்க வைத்தார்கள். வயிறு அழுந்தினால் முதுகில் ரத்தம் அதிகம் கொட்டும். நடுமுதுகில் நேர்கோடாகக் கீறி, மரம் ஏறி ஏறிக் கயிறுபோல முறுக்கேறியிருந்த தசைகளை எலும்பிலிருந்து இருபக்கமும் விலக்கினார்கள். உடைந்த எலும்புக்கு மேலேயும் கீழேயும் திருகாணிகள், அவற்றை இணைத்து இரண்டு கம்பிகள். பின்பக்க எலும்பைத் திறந்தபோது, வடத்தை மூடியிருக்கும் உறை வெளிறித் தெரிந்தது. அசைவே இல்லை. உள்ளே குத்திக்கொண்டிருந்த சில்லை டாக்டர் மெல்ல எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சற்று நேரம் கழித்து அந்த உறை லேசாகத் துடிக்க ஆரம்பித்தது.

"துடிக்குது" என்றார் டாக்டர். "அம்புட்டுதான் நம்மால முடிஞ்சது."

அதன் பிறகு கருப்பையா என் கைக்கு வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உருட்டிப் படுக்க வைக்க வேண்டும். கட்டையை உருட்டுவதுபோலத் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பிட்டத்து எலும்பின் மேல் தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். அவர் மனைவி முத்துமாரி பஞ்சாலையில் வேலை பார்த்த பெண், கை சுறுசுறுப்பு. ஒருமுறை காட்டினால் போதும். உருட்டுவதற்கு முன் அவளும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "தொடுதேன்" என்பாள். டாக்டரைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

தங்கவேல் தினமும் சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவார். வார்டுக்குள் வரமாட்டார். வாசலில் நின்று, "எப்படி இருக்கான்?" என்று முத்துமாரியிடம் கேட்டுவிட்டு, கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் கருப்பையாவின் வலது தொடையைத் தாங்கிப் பிடித்து, மேலே தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். தசையில் ஒரு சின்ன அசைவு. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, என் விரலுக்குத் தெரிந்தது. சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன் அம்மா. யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க."

"விழுந்து கெடக்கும்போது எறும்பு கடிச்சிச்சு. வலது கால்ல. சுருக்குன்னு இருந்துச்சு. காலை உதறுனேன். உதற முடிஞ்சுது."

நான் கையை எடுக்கவில்லை.

"பொறவு அண்ணன் தூக்கிச்சு. பைக்ல வச்சாக. பாதியில பாத்தா காலு ரெண்டும் இல்லாத மாதிரி ஆயிருச்சு. தொங்குறதே தெரியல." அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது உசிரோட இருக்காது."

சொல்ல மாட்டேன் என்றேன்.

அந்த வாரமே தங்கவேல் என்னைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"எக்ஸசைஸ் அம்மா, ஒரு சந்தேகம். இங்க ஒரு போர்டுல போட்டிருக்கு, அடிபட்டவங்களை வளைச்சுத் தூக்கக் கூடாதுன்னு. படிச்ச ஒருத்தர் வாசிச்சுச் சொன்னாரு. தம்பிக்குக் காலு போனது விழுந்ததுலயா, நான் தூக்குனதுலயா?"

நான் சொன்ன பதில் இதுதான்: "விழுந்த வேகத்துலயே எலும்பு நொறுங்கிருச்சு. உள்ள ரத்தம் கட்டி, வீங்கி, கொஞ்ச நேரம் கழிச்சும் காலு போகும். எதுனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. டாக்டரிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் எறும்பை நான் சொல்லவில்லை. தங்கவேல் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பாரம் இறங்கியதுபோலத் தெரியவில்லை.

மாதங்கள் போயின. கருப்பையாவுக்கு வலது முழங்காலை நீட்டும் பலம் வந்தது. இடது கால் வரவில்லை. பாதங்கள் இரண்டும் வரவில்லை. காலுக்கு இரும்புச் சட்டமும் கைக்கு ஊன்றுகோலும் கொடுத்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிற்கப் பழக்கினேன். முதல் தடவை நின்றபோது, "இம்புட்டு ஒசரத்துலயா இருந்தேன்!" என்று சிரித்தார். தென்னை உச்சியில் வேலை பார்த்த மனிதர். முத்துமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குள் நாலு எட்டு, வெளியே போக சக்கர நாற்காலி என்று வீடு திரும்பினார்.

சில காலம் கழித்துப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேற்கே தோப்புகளில் விழுந்து வருபவர்கள் குறையவில்லை. தூக்கிவந்த விதத்தாலேயே மோசமானவர்கள் சிலர். "ஊர் ஊராப் போயிச் சொல்லிக்குடுப்போம். எப்படித் தூக்கணும், எதுல படுக்க வைக்கணும்னு. நீ பேசுனாத்தான் அவங்களுக்குப் புரியும். மொதல்ல சேத்தூர்."

"சேத்தூர் வேண்டாம் சார்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். என்னால் சமாளிக்க முடியவில்லை. கருப்பையாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி எறும்பு விஷயத்தைச் சொன்னேன். ஊர்க் கூடத்தில் நின்று, தப்பாகத் தூக்கினால் கால் போகும் என்று நான் பேசினால், எதிரே தங்கவேல் உட்கார்ந்திருப்பார். பேசாவிட்டால் அடுத்து விழுகிறவனையும் பைக்கில்தான் ஏற்றுவார்கள்.

டாக்டர் வெகுநேரம் மஞ்சள் கயிற்றின் குஞ்சத்தை விரலால் கோதிக்கொண்டிருந்தார். "இது நானோ நீயோ முடிவு பண்ற விஷயம் இல்ல. அது கருப்பையாவோட ரகசியம். அவன்ட்டப் போயிக் கேளு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்கு பஸ் ஏறினேன். கருப்பையா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலியில் இருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வேற ஊர்ல போயிச் சொல்லுங்க அம்மா. இந்த ஊர்ல வேண்டாம்."

"இந்த ஊர்லதான் இத்தனை பேர் மரம் ஏறுறாங்க."

"எங்க அண்ணனைக் கொன்னுட்டுத்தான் ஊருக்குப் படிச்சுக்குடுக்கணுமா?"

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது முத்துமாரி உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு எறும்பு விஷயம் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

"தூக்கத்துல எத்தனை நாளு ஒளறியிருக்கீக. எனக்குத் தெரியாதா?" என்றாள் புருஷனிடம். "உங்க அண்ணன் மரம் ஏறி எத்தனை மாசமாச்சு, அதாவது தெரியுமா? கயித்தைத் தொட்டாலே கை நடுங்குதாம். உங்க மதினி வந்து என்ட்ட அழுதாக. தூக்குனது தப்போ, தப்போன்னு அவிய தினமும் சாகுறாக. நீங்க சொல்லாம இருந்து யாரைக் காப்பாத்துறீக?"

"ஏட்டி, சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன் இம்புட்டு நாளும்."

கருப்பையா நாற்காலியின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணனைக் கூப்பிடு" என்றார்.

தங்கவேல் அடுத்த தெருவிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் எதற்கோ பயந்தவர்போல நின்றார். கருப்பையா, "அண்ணே, செத்த உக்காரு" என்றார். தங்கவேல் தரையில் உட்கார்ந்தார். தம்பி சொன்னார். எறும்பு, சுருக்கென்ற கடி, உதறிய கால், பிறகு பைக். ஒன்றையும் விடவில்லை.

தங்கவேல் தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்தக் கால்ல கடிச்சிச்சு?" என்று கேட்டார்.

"வலது கால்ல."

தங்கவேல் கையை நீட்டி, நாற்காலியின் மிதியில் இருந்த அந்தப் பாதத்தைத் தொட்டார். "இப்பத் தெரியுதா?"

"தெரியல."

"அப்ப நாந்தான்."

"அண்ணே, நீ தூக்காட்டி அங்க யாரு இருந்தா என்னைத் தூக்க? நீ நல்லதுக்குத்தானே தூக்குன? ஓடி வந்து தூக்குனியே, அது எனக்குத் தெரியாதா?"

நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீக்கம், ரத்தக்கட்டு என்ற அதே வார்த்தைகள். தங்கவேல் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "போதும்மா. தெரிஞ்சுக்கிட்டேன்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கருப்பையா பின்னாலேயே நாற்காலியைத் தள்ள, முத்துமாரி அதைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க. அழட்டும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில், அன்றிரவு தங்கவேல் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் முத்துமாரிக்குப் போன் போட்டேன். "அவிய வீட்டுல அக்கா கூடவே இருக்காக. ஒண்ணும் ஆகல. யார்ட்டயும் பேசல, அம்புட்டுதான்" என்றாள். அதன் பிறகும் பல நாள் அவளுக்குப் போன் செய்தபடியே இருந்தேன்.

கூட்டம் ஊர் சமுதாயக் கூடத்தில். மரம் ஏறுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், கொத்தனார்கள், மில் வேலைக்குப் போகும் பெண்கள் என்று வந்திருந்தார்கள். தங்கவேல் இல்லை. ஒரு பழைய கதவுப் பலகையும் நாலு துண்டும் வைத்துக்கொண்டு பேசினேன். அடிபட்டவரை உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கட்டையை உருட்டுவதுபோல உருட்டிப் பலகையை உள்ளே தள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வராத இடமென்றால் இந்தக் கதவிலேயே கட்டி ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

செய்துகாட்ட ஒரு ஆள் படுக்க வேண்டும் என்றேன். கூட்டம் சிரித்தது, ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். அப்போது கருப்பையா, "நான் படுக்கேன்" என்றார். முத்துமாரியும் நானும் பிடிக்க, நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் படுத்தார். கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"தலைமாட்டுக்கு ஒரு ஆளு வேணும்" என்றேன். "அவருதான் எல்லாருக்கும் குரல் குடுக்கணும். தலை அசையாம பிடிச்சுக்கணும்."

வாசல் பக்கம் கூட்டம் விலகியது. தங்கவேல் வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டார். கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். இரண்டு காதையும் மூடினாற்போல உள்ளங்கைகளை வைத்தார். அழுத்திப் பிடிக்கத் தயங்கினார். கருப்பையா மேலே பார்த்தபடியே, "பிடிண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார்.

தங்கவேல் குரல் கொடுத்தார். மூன்று பேர் உருட்டினார்கள். பலகை உள்ளே போனது. இறக்கியதும், "இன்னொரு தடவ செய்யலாமா?" என்று கேட்டார். செய்தோம். கூட்டம் கலைந்த பிறகும், யார் யாரையோ படுக்க வைத்துச் செய்துகொண்டே இருந்தார்.

அவர் மறுபடி மரம் ஏறவில்லை. கீழே நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிப்பார் என்று முத்துமாரி சொன்னாள். கருப்பையா மெயின் ரோட்டில் இளநீர்க் கடை போட்டார். அண்ணன் சீவிக் கொடுப்பார், தம்பி வியாபாரம் பார்ப்பார். பழையபடி பேசிக்கொண்டார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பேச்சு குறைவு. ஆனால் சேர்ந்தே இருந்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள், மருத்துவமனை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் ஒரு வீட்டுக் கதவு. அதன் மேல் வேட்டியாலும் துண்டாலும் கட்டப்பட்ட ஓர் ஆள், தென்னையிலிருந்து விழுந்தவர். தலைமாட்டில் மண்டியிட்டபடி தங்கவேல். சேத்தூரிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சருக்குக் கதவோடு மாற்றினோம். அவரும் தலையைப் பிடித்த கையோடு குனிந்தபடியே கூடவே நடந்து வந்தார். பெரிய டாக்டர் வந்தார். இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, தொடப்போவதைச் சொல்லிவிட்டு, அடிபட்டவரின் தலையை வாங்கக் கைகளை நீட்டினார்.

தங்கவேல் கையை எடுக்கவில்லை.

"விடலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் தன் கைகளை அவர் கைகளுக்கு அடியில் நன்றாகக் கொடுத்து, இறுக்கிப் பிடித்த பிறகு சொன்னார்:

"விடலாம்பா. நான் பிடிச்சுக்கிட்டேன்."